பாட்டத்து (குத்தகை) நிலத்தில் பயிரிடும் பெண்களுக்கும் இளையோருக்கும் கைப்பேசி வழி வேளாண் ஆலோசனை: பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கிழக்குச் சித்தூர் மகளிர் குழு

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் தமிழே பேச்சு. கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்) வில்லேஜ் ஆபீசிலும் தாள்கள் மலையாளத்தில் இருக்கின்றன. என் தாயார் உறுப்பினராக உள்ள, கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் ஜே.எல்.ஜி. (கூட்டுப் பொறுப்பு) குழுவுக்கு நான் கணக்கு எழுதி வருகிறேன். குழுவில் உள்ள பெண்கள் பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் நிலக்கடலையும் பந்தல் காய்கறியும் பயிரிடுகிறார்கள். அவரவர் வீட்டை ஒட்டிப் பத்து, இருபது சென்ட் தென்னையும் உண்டு.

வரும் கிராமசபையில், கைப்பேசி வழியாக வேளாண் ஆலோசனை பெறுவதற்கான சிறு திட்டம் ஒன்றை எங்கள் வார்டின் சார்பில் முன்வைக்க விரும்புகிறோம். செயலிகளுக்குப் பஞ்சமில்லை. அவை எங்கள் பெண்களுக்கும் என் வயதுப் பிள்ளைகளுக்கும் பயன்படாமல் போவதற்கான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் எழுதுபவர்களுக்கு அது உதவும்.

முதற்காரணம் பதிவு. பதியப் போனால் நிலத்தின் விவரமும் கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் கேட்கிறார்கள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 முதல் குத்தகை முறையை ஒழித்துவிட்டதால், புதிதாகக் குத்தகை எழுதிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை; பாட்டம் என்பது இங்கே பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. நிலத்துக்காரர் தாளில் எழுதித் தர அஞ்சுகிறார். விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் செய்கிற பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆலோசனைச் செய்தி, கோயமுத்தூரில் வேலை பார்க்கும் நிலத்துக்காரரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்கிறது. சொந்த நிலம் உள்ள வீடுகளிலும் ஆதாரம் (நிலப்பத்திரம்) தாத்தா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பதால், மருமகளுக்கும் பேரனுக்கும் இதே நிலைதான்.

இரண்டாவது, தமிழில் கிடைக்கும் ஆலோசனை தமிழ்நாட்டுக்காக எழுதப்பட்டிருப்பது. 2018-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த உழவன் செயலியை எங்களில் பலர் சந்தை விலை பார்ப்பதற்காக வைத்திருக்கிறோம், அதற்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் நெல்லுக்கு அங்கே குறுவை, சம்பா என்று பருவம்; எங்களுக்கு முதற்பயிர் விரிப்பு, இரண்டாம் பயிர் முண்டகன். மூலத்தரை மதகணையிலிருந்து ஆளியாற்றுத் தண்ணீர் என்றைக்குத் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எங்கள் பக்கத்து நடவு அமைகிறது. நாங்கள் பார்த்த செயலிகளில் அந்தத் தேதி கிடைப்பதில்லை. மலையாளத்தில் வரும் ஆலோசனை எங்கள் மாநிலத்துக்கு உரியதுதான், ஆனால் அதைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் குழுவில் மிகச் சிலரே.

மூன்றாவது, நேரம். பகலில் வயலிலோ தொழிலுறுதி (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலையிலோ இருக்கும் பெண், மாலையில் சமையலும் மாடும் முடிந்த பிறகே கைப்பேசியைத் தொடுகிறாள். அந்த நேரத்தில் அது பிள்ளையின் படிப்புக்காக அடுத்த அறையில் இருக்கும்.

நிலத்தாளில் பெயர் இல்லாத, பகலில் கைப்பேசி கையில் இல்லாத, மலையாளம் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்குப் பயன்படும் ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்? என்னைப் போன்ற இளையோருக்கு அதில் என்ன இடம் இருக்கலாம்? இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஆனைமலை ஓரத்திலிருந்து, ஓய்வு பெற்ற வேளாண் விரிவாக்கப் பணியாளர்

அம்மா, உங்கள் கேள்வி தெளிவாக இருக்கிறது. எந்தச் செயலி என்ற பேச்சைச் சிறிது காலம் தள்ளிவைத்துவிட்டு, எந்த வேலையை யார் செய்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை. குழுவை ஒரு மாலை உட்கார வைத்து, ஒரு பருவத்தின் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்பவர், முடிவெடுப்பவர், பணம் கொடுப்பவர் என மூன்று பேரைக் குறியுங்கள். எந்தச் செய்தி யாருடைய காதுக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

நிலக்கடலையையே எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை, மண்ணுக்குள் இறங்கிய காயே நேரடியாக உறிஞ்சுகிறது. ஆகவே விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் காம்பு) இறங்கும் சமயத்தில் அது காய் பிடிக்கும் மேல்மண்ணில் இருந்தாக வேண்டும், பின்னால் இடுவதில் பயன் குறைவு. மண் அணைப்பது முழுக்கப் பெண்கள். மூட்டை வாங்குவது ஆண். செய்தி மூட்டை வாங்குகிறவருக்கு மட்டும் போனால், அவர் சந்தைக்குப் போகிற நாள் பார்த்து வாங்கி வருவதற்குள் ஐம்பது, அறுபது நாள் கடந்துவிடுகிறது. முப்பத்தைந்தாம் நாளே மண் அணைக்கும் பெண்ணுக்குச் செய்தி போயிருந்தால், அவளே வீட்டில் கேட்டு வாங்கி வைத்திருப்பாள்.

அளவும் இப்படித்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு கைப்பற்று நிலத்தின் (ஒருவர் பயிரிட்டு நடத்தும் மொத்த நிலத்தின்) சராசரி 0.18 ஹெக்டேர், ஏறக்குறைய 44 சென்ட். அந்த விவசாயிக்கு ஹெக்டேர்க் கணக்கில் பரிந்துரை அனுப்புவதில் என்ன பயன்? ‘30 சென்டுக்கு 48 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு மூட்டை’ என்று சொன்னால்தான் அது ஆலோசனை. தென்னைக்கும் காய்கறிக்கும் தெளிப்பதாக இருந்தால், பத்து லிட்டர் டேங்குக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது உங்களைப் போலக் கணக்கு எழுதுபவர்களுக்கு எளிது. குழுவுக்கு அதனால் கிடைக்கும் பயன் பெரிது.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மருந்து பற்றி. 2011-இல் கேரள அரசு பல பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லிகளின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்தது. மோனோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ், ட்ரைஅசோபாஸ், நெல் குலைநோய்க்குத் தெளிக்கும் ட்ரைசைக்ளசோல், களைக்கொல்லி பாராகுவாட் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றுள் சில எங்கள் பக்கத்தில் பரிந்துரையில் இருந்தவை, கடையிலும் கிடைத்தவை. ஆகவே தமிழில் வருகிற ஒரு செய்தியை நீங்கள் அப்படியே குழுவுக்கு அனுப்பினால், உங்கள் மாநிலத்தில் தடையுள்ள மருந்தைப் பரிந்துரைத்ததாக ஆகிவிடும். தடைப் பட்டியலைத் தமிழில் எழுதி, கிருஷி பவன் அலுவலரிடம் சரிபார்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்தியையும் அதனோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். எல்லைப்புறத்தில் இதை விட்டுவிட முடியாது.

மருந்து தெளிப்பது பெரும்பாலும் ஆண்கள் என்பதால், அது பற்றிய செய்தி ஆண்களுக்குப் போதும் என்று எண்ணிவிடுகிறோம். தண்ணீர் சுமந்து வந்து கலக்குவது யார்? தெளித்த மூன்றாம் நாள் பாகற்காயும் புடலங்காயும் பறிக்கப் பந்தலுக்குள் நுழைவது யார்? எந்த நாளில் என்ன தெளிக்கப்பட்டது, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது பறிக்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். கருவுற்ற பெண்ணும் பால் கொடுக்கும் தாயும் அந்தப் பந்தலுக்குள் இருக்கிறார்கள். இது ஒன்றை மட்டும் உங்கள் திட்டம் சரியாகச் செய்தாலும் நான் மகிழ்வேன்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈயும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பாலக்காட்டிலும் தலைகாட்டிய பூச்சி அது. ஓலையில் கரும்பூசணம் படர்ந்ததைப் பார்த்ததும் கடுமையான மருந்தைத் தேடினார்கள். அந்த மருந்து, ஈயைத் தின்று கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணியையும் கொன்றுவிடும் என்பதால் வேண்டாம் என்பதே பரிந்துரை. மஞ்சள் ஒட்டும் பொறி, விசையோடு தண்ணீர் பீய்ச்சுதல், கரும்பூசணம் உதிர லிட்டருக்கு 25 கிராம் மைதாமாவுப் பசை, இவ்வளவே. பத்து லிட்டருக்குக் கால் கிலோ மாவு. வீட்டை ஒட்டிய தென்னைக்கு இதைப் பெண்களே செய்துகொள்ளலாம். அவர்களுக்கு இது சென்று சேராததால் பணம் கடைக்குப் போனது.

பொதுவான வழிகளில் கிசான் அழைப்பு மையம் உங்களுக்குப் பொருந்தும்: 1800 180 1551, கட்டணமில்லை, காலை 6 முதல் இரவு 10 வரை, சாதாரண பட்டன் கைப்பேசி போதும், நிலத்தாள் தேவையில்லை. 2004 முதல் நடக்கிறது. பேசத் தொடங்கும்போதே கேரளத்தில் சித்தூர் வட்டம் என்று சொல்லிவிடுங்கள். வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. ஆனால் அது மாவட்டத்துக்குப் பொதுவானது. பாலக்காட்டின் மேற்கே பெய்யும் மழைக்கும் உங்கள் கிழக்கு ஊராட்சிகளில் பெய்யும் மழைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே பாலக்காடு, கோயமுத்தூர் ஆகிய இரு மாவட்ட அறிக்கைகளையும் பார்த்து முடிவெடுப்பது உங்கள் இடத்துக்கு ஏற்றது.

பணம் குறித்து ஒரு குறிப்பு. கேரள உள்ளாட்சிகளில் திட்ட நிதியில் குறைந்தது 10 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற நெறி மக்கள் திட்டக் காலத்திலிருந்து இருக்கிறது. உங்கள் கோரிக்கையை அந்தத் தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

பதில் 2: குப்பத்திலிருந்து, பட்டு வளர்ப்பவர்

வணக்கம் தங்கையே. நான் ஆந்திர மாநிலம் குப்பம் பகுதி. எங்கள் வீட்டிலும் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, ஆகவே உங்கள் சிரமம் எனக்குப் புதிதல்ல. பட்டுப்புழு வளர்ப்பில் இலை பறிப்பதும், வேளை தவறாமல் இலை போடுவதும், படுக்கை சுத்தம் செய்வதும், வளர்ப்பு மனையின் வெப்பத்தைப் பார்ப்பதும் பெண்கள். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். கோடையில் ஈரச்சாக்கு கட்டுவதா, மனையைத் திறந்துவிடுவதா என்பதை அந்தந்த மணி நேரத்தில் முடிவு செய்கிறவள் அவள். கூடு விற்று வந்த பணம் யார் கணக்குக்குப் போகிறதோ அவருடைய எண்ணுக்குத்தான் ஆலோசனையும் போகிறது.

குத்தகை குறித்து உங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. ஆந்திரத்தில் 2019-இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் வந்தது. குத்தகை உழவருக்கு 11 மாதம் செல்லும் அட்டை அதன்படி தரப்படுகிறது. ஆனால் நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்பதால், சட்டம் இருந்தும் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. ஆகவே, ஆலோசனை பெறுவதற்கு நிலத்தாளையே திறவுகோலாக வைக்க வேண்டாம் என்று உங்கள் கிராமசபையில் தனியாகவே கேளுங்கள். மானியம் வேறு, ஆலோசனை வேறு. மானியத்துக்குத் தாள் கேட்பதில் நியாயம் இருக்கலாம். ஜிப்சம் எப்போது இடுவது என்று சொல்வதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

செய்தியை எழுத்தாக அனுப்பாதீர்கள், குரலாக அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு செய்தியில் ஒரு வேலை மட்டும். உங்கள் குழுவில் ஒருத்தியின் குரலிலேயே, உங்கள் ஊர்ப் பேச்சில் பதிவு செய்யுங்கள். கேள்வியும் குரலாகவே வரட்டும், எழுதத் தயங்குகிற பெண் பேசத் தயங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் இரவு எட்டரை மணிக்குப் பிறகும் விடியற்காலை இலை போட எழும் நேரத்திலும்தான் பெண்கள் கேட்கிறார்கள். உங்கள் ஊர் நேரத்தை நீங்கள் கேட்டு முடிவு செய்யுங்கள். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடு. கேரளத்தில் 86 விழுக்காட்டுக்கும் மேல். உங்கள் நிலை எங்களைவிட மேம்பட்டது. இருந்தாலும் கைப்பேசி வைத்திருப்பது வேறு, அதை எடுத்து ஒரு நிமிடம் நிம்மதியாகக் கேட்க நேரமும் டேட்டாவும் இருப்பது வேறு. தொழிலுறுதி வேலையிடத்தில் மதியம் உணவு முடித்து உட்காரும் அரை மணி நேரத்தில், ஒருவர் கைப்பேசியில் சத்தமாக வைத்துப் பத்துப் பேர் கேட்கலாம்.

பெரியவர் சொன்னதில் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது, மரியாதையோடு சொல்கிறேன். அவர் குழுவை உட்கார வைத்துப் பேசச் சொன்னார். குழுவில் இல்லாத பெண்கள் யார் என்பதையும் பாருங்கள். காலனியிலிருந்து கூலிக்கு வந்து காய் பறிக்கிற பெண்ணுக்கு நிலமும் இல்லை, குழுவும் இல்லை. மருந்து தெளித்த பந்தலுக்குள் முதலில் நுழைகிறவள் அவளாக இருக்கலாம். பறிக்கும் நாள் பற்றிய செய்தி அவளுக்கும் போக வேண்டும்; அதற்கு அந்தப் பெண்களில் ஒருவரையே அழைத்துப் பொறுப்புக் கொடுங்கள். கூட்டம் எந்த இடத்தில் நடக்கிறது, எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் எழுதத் தயங்குவார்கள். திட்டத்துக்கென ஒரு எண் அறிவிக்கும்போது, இளம்பெண்ணின் சொந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடாதீர்கள். இரவில் வேண்டாத அழைப்புகள் வரும், வீட்டில் சந்தேகம் வரும், இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். குழுவின் பெயரில் தனிக் கைப்பேசியும் சிம்மும் வாங்கச் செலவுத் தொகை கேளுங்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் பெண்களுக்குத் தனிக்குழு வையுங்கள். ஆண்களும் இருக்கும் குழுவில் கேள்விக்குப் பதில் வருவதற்குள் வேறு பேச்சு வந்துவிடுகிறது, இரண்டாம் முறை அந்தப் பெண் கேட்பதில்லை.

பதில் 3: வேலந்தாவளம் பக்கத்து இளம் விவசாயி

அக்காவுக்கும் பெரியவருக்கும் வணக்கம். கேள்வியில் இளையோர் என்று இருக்கிறது, அதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எங்களுக்குப் பூச்சி, நோய் பற்றிய ஆலோசனையைவிட முதலில் தேவைப்படுவது விலையும் கணக்கும். வேலந்தாவளம் சந்தைக்குக் கொண்டு போவதா, பொள்ளாச்சிக்கா, ஒட்டன்சத்திரத்துக்கா என்று வண்டி ஏற்றும் முன் முடிவு செய்ய வேண்டும். வண்டி வாடகையையும் கமிஷனையும் கழித்துக் கையில் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க வேண்டும். விலையை மட்டும் காட்டுகிற செயலி இந்தக் கழிவைக் காட்டுவதில்லை. உங்கள் குழு இதைத் தன் கணக்குப் புத்தகத்திலிருந்தே வாரம் ஒருமுறை குரல்செய்தியாகச் சொன்னால், இளைஞர்கள் தாமாக வந்து சேர்வார்கள். மூலத்தரைத் தண்ணீர் திறக்கும் தேதியையும் அதில் சேருங்கள். பாசன அலுவலகத்தில் கேட்டுச் சொல்ல ஒரே ஒரு ஆள் போதும்.

நிலத்தாள் பற்றி எனக்குக் கவலை அதிகம். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு 2,817 கோடி ரூபாய்க்கு டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் மையத்தில் இருக்கும் விவசாயி அடையாள எண் நிலப்பதிவோடு இணைக்கப்படுகிறது. நாளைக்கு எல்லாச் சேவைக்கும் அந்த எண்ணே வாசல் என்று ஆனால், பாட்டத்து நிலத்தில் உழைக்கும் பெண்ணும், தாத்தா பெயரில் உள்ள நிலத்தை உழும் பேரனும் வெளியே நிற்பார்கள். 2015-16 கணக்கெடுப்பிலேயே நாட்டின் கைப்பற்று நிலங்களில் பெண்கள் நடத்துவதாகப் பதிவானவை 14 விழுக்காடுதான். குடும்பஸ்ரீயில் ஒவ்வொரு ஜே.எல்.ஜி. குழுவுக்கும் உறுப்பினர், பயிர், பரப்பு எழுதிய பதிவேடு இருக்கிறது அல்லவா? பயிரிடுவோர் பட்டியலாக அந்தப் பதிவேட்டை ஏற்க வேண்டும் என்று கிராமசபை தீர்மானமாகவே போடுங்கள். நிலத்துக்காரருக்கு அதனால் எந்த உரிமை இழப்பும் இல்லை என்று அதிலேயே எழுதிவிட்டால் அவரும் எதிர்க்க மாட்டார்.

படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலிகளை நான் பயன்படுத்துகிறேன். காய்கறி இலைகளில் பல நேரம் சரியாகச் சொல்கின்றன. தென்னையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடி ஓலை மஞ்சளாவது மெக்னீசியக் குறைவாகவும் இருக்கலாம், கேரள வேர் வாடல் நோயாகவும் இருக்கலாம். வாடல் நோயில் ஓலையின் சிற்றிலைகள் தளர்ந்து உள்நோக்கி வளையும். மரத்தின் கொண்டையை முழுவதும் கீழிருந்து பார்த்தால்தான் அது தெரியும், ஒற்றை இலையின் படத்தில் தெரியாது. முன்னதற்கு உரம் போதும். பின்னது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆகவே படத்தைச் செயலிக்கு அனுப்புகிறபோதே முழு மரத்தின் படத்தையும் கிருஷி பவனுக்கு அனுப்புங்கள். மருந்து விற்கும் நிறுவனத்தின் செயலியாக இருந்தால், பதிலில் மருந்தின் பெயர் வந்தவுடன் நிறுத்தி ஒருமுறை யோசியுங்கள்.

கடைசியாக ஊதியம். ஊரில் கைப்பேசி தெரிந்த பெண் ஒருத்தி இருந்தால், விண்ணப்பம் நிரப்புவது, படம் எடுப்பது, பதிவு செய்வது எல்லாம் அவள் தலையில் விழுகிறது. நன்றி மட்டும் கிடைக்கிறது. கல்யாணமாகிப் போனால் திட்டமும் போய்விடுகிறது. மாதச் சிறு தொகையாவது அவளுக்கு ஒதுக்கி, அவளோடு இன்னொருவரையும் பழக்குவதாகத் திட்டத்தில் எழுதுங்கள். படித்த இளையோர் ஊரில் தங்கி விவசாயத்தோடு இருப்பதற்கு அது ஒரு காரணமாகவும் அமையும்.

கேட்டவரின் மறுமொழி: கிழக்குச் சித்தூர் மகளிர் குழு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் இவற்றைப் படித்துக் காட்டினேன். பறிக்கும் நாள் பற்றிய செய்தி வேண்டும் என்று அம்மாக்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். குழுவின் பெயரில் தனிக் கைப்பேசி, இரண்டு பேருக்கு மாதத் தொகை, ஜே.எல்.ஜி. பதிவேட்டைப் பயிரிடுவோர் பட்டியலாக ஏற்பது, வாரம் இரு குரல்செய்திகள் என்று வரைவு எழுதியிருக்கிறேன். அக்கா சொன்னபடி, கூலிக்கு வரும் பெண்களில் ஒருவரை அந்த இருவரில் ஒருவராக வைக்க எண்ணியிருக்கிறோம்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நாங்கள் அனுப்பிய செய்தி தவறாகப் போய், ஒரு வீட்டுப் பயிர் கெட்டுவிட்டால் என்ன செய்வது? அதை நினைத்தே குழுத் தலைவி தயங்குகிறார்.

பதில் 1-இன் தொடர்ச்சி: ஆனைமலை ஓரத்திலிருந்து

அந்தத் தயக்கம் நியாயமானது, அதை மறைக்க வேண்டாம். குரல்செய்தி போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் தேதி, பயிர், பயிரின் வயது, சொன்ன செய்தி, எங்கிருந்து பெற்றது என்று ஐந்து கட்டத்தில் எழுதி வையுங்கள். கிருஷி பவன் அலுவலரிடம் மாதம் ஒருமுறை அந்த நோட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் மாதம் தயங்குவார், நோட்டு ஒழுங்காக இருப்பதைப் பார்த்தால் பிறகு கையெழுத்திடுவார். மருந்தின் பெயர் வருகிற செய்தியை அவர் ஒப்புதல் இல்லாமல் அனுப்பவே வேண்டாம்.

புதிதாக எதையாவது செய்யச் சொல்கிறபோது, முழு நிலத்திலும் செய்யச் சொல்லாதீர்கள். நாலு பாத்தியில் அல்லது இரண்டு மரத்தில் செய்து, பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே தன் குரலில் எப்படி இருக்கிறது என்று சொல்லட்டும். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்கள். தவறு என்று தெரிந்தால், அதே எண்ணிலிருந்து, அதே நேரத்தில், அதே குரலில் திருத்தம் போக வேண்டும். புதுச்சேரியில் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார்கள். கேட்பவன் நம்பிக் கடலுக்குப் போகிறான் என்பதால், தகவலை அன்றன்றைக்குப் பெற்றுச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் செய்தியையும் நம்பித்தான் ஒரு பெண் கடன் வாங்கிய பணத்தைச் செலவிடப் போகிறாள்.

முதல் பருவத்தில் நிலக்கடலையும் தென்னையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தல் காய்கறிக்குப் பறிக்கும் நாள் செய்தி மட்டும் போதும். விதைத்த தேதியை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் குறித்துக்கொண்டால், நாற்பதாம் நாள் எந்த வீட்டுக்கு என்றைக்கு வருகிறது என்று நீங்களே கணக்கிட்டு, ஒரு வாரம் முன்னதாக ஜிப்சம் செய்தியை அந்தந்த வீட்டுக்கு அனுப்பலாம்.